குறைந்த விலையில் மின்னூல் ரீடர்: கடலூரிலும் பாண்டியிலும் பார்த்த அனுபவம்

ஐந்தாறாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, பெரும்பாலும் தமிழ்தான் படிப்பேன், எந்த ரீடர் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். தெளிவு குறைந்த புதுக் கருவியைவிட, 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) திரையுள்ள பழைய கருவி மேல். கடலூரிலும் பாண்டியிலும் தெரிந்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்தும், அவர்களே வாங்கி வந்ததைச் சரிசெய்து கொடுத்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஒரு தமிழய்யா இருக்கிறார். ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவைக்குப் பிறகு அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குச் சிரமமாகிவிட்டது. மகன் அமேசானின் ரீடரான கிண்டிலில் 2019 மாடல் அடிப்படை வகை ஒன்றை அனுப்பியிருந்தார். அது இங்கே வந்தபோது விலை 7,999 ரூபாய். விளக்கு உண்டு, கைக்குக் கனமும் இல்லை. ஆங்கிலம் படிக்கிறவருக்குக் குறை பெரிதாகத் தெரியாது. ஐயா சில பக்கம் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, ஒற்றெழுத்து மேல புள்ளி கரைஞ்சு போவுது, நீயே பாரு" என்றார்.

வாங்கி உற்றுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 167 படப்புள்ளிகள்தான். சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி வெறும் சாம்பல் பொட்டாகிவிடுகிறது, ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கினால் தெளிவு வருகிறது. ஆனால் நம் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் மூன்று சொல் நிற்பதே பெரிய விஷயம். வரியை இருபுறமும் சீராக்கும்போது சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விழுகிறது. அமைப்பில் போய் இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். தமிழ் படிக்கிறவர்கள் ரீடர் வாங்கியதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

அது பாதித் தீர்வுதான். கொஞ்ச நாள் கழித்து பாண்டியில் ஒருவர் கிண்டிலிலேயே மேல்வகையான பேப்பர்வைட்டின் 2018 மாடலை விற்கிறார் என்று தெரிந்து போய் வாங்கி வந்தேன். அதுவும் 6 அங்குலம்தான், ஆனால் 300 பிபிஐ. ஒரே பக்கத்தை இரண்டிலும் திறந்து ஐயாவின் மேசையில் அருகருகே வைத்தேன். அதன்பிறகு அவர் 167 பிபிஐ கருவியைத் தொடவில்லை. மகன் அனுப்பியதாயிற்றே என்று ஐயாவின் மனைவிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அடிப்படை கிண்டிலுக்கு 2022 மாடலில்தான் 300 பிபிஐ வந்தது, டைப்-சி சார்ஜரும் அதில்தான். பெட்டியில் 'கிண்டில்' என்று இருந்தால் போதாது, எந்த ஆண்டு மாடல் என்று கேட்டு வாங்குங்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பருக்கு நேர்ந்தது வேறு. 'இ-புக் ரீடர்' என்று போட்டு மலிவாக ஆன்லைனில் விற்றதை வாங்கிவிட்டார். பளபளவென்று கலர் திரை. அது சாதாரண எல்சிடி, செல்போன் திரையின் தங்கச்சி. மாலையில் சில்வர் பீச்சுக்கு எடுத்துப் போய்த் திறந்தால் வெயிலில் அவர் முகம்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. பாவம், ஆசையாக வாங்கியவர். இ-இங்க் திரையின் வேலையே வேறு. நுண்ணிய குமிழிகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கும். மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தும்போது எழுத்து உருவாகும். உருவான எழுத்து நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம், பக்கம் திருப்பும்போது மட்டும் போதும். வெயில் ஏற ஏற அது காகிதம் மாதிரி இன்னும் நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் இ-இங்க் என்றோ இ-பேப்பர் என்றோ தெளிவாக இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, மின்சாரம் போய்க் கிடந்தபோது இதன் அருமை புரிந்தது. செல்போனில் சார்ஜை அவசரப் பேச்சுக்குப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். ரீடரை மட்டும் கவலையில்லாமல் திறந்து வைத்திருந்தோம்.

ஆனால் எல்லோருக்கும் 6 அங்குல ரீடரைப் பரிந்துரைக்க மாட்டேன். பாண்டியில் பழைய சைவ நூல்களை ஆராயும் ஒரு தங்கை இருக்கிறார். அவருக்கு வேண்டியவை பெரும்பாலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கிற ஸ்கேன் பிடிஎஃப்கள். அவை எழுத்துகள் அல்ல, பக்கத்தின் படங்கள். எழுத்தளவை மாற்ற முடியாது. டெமி அளவுப் புத்தகத்தின் அகலம் சுமார் ஐந்தரை அங்குலம், 6 அங்குல ரீடரின் திரை அகலம் 3.6 அங்குலம். பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். பழைய ஈய அச்சு, மங்கல் ஸ்கேன், அதையும் சுருக்கினால் என்ன தெரியும்? திரையைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அகலம் 4.8 அங்குலம் கிடைக்கும், ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாகப் படிக்கலாம். அவசரத்துக்கு அது சரி, ஆராய்ச்சிக்கு ஆகாது. அந்தப் பணத்துக்குப் பழைய பத்து அங்குல டேப்லெட் வாங்கும்மா என்றேன். கண் கொஞ்சம் களைத்தாலும் வேலை நடக்கிறது.

எழுத்தளவை மாற்றிக்கொள்ளக்கூடிய ஈபப் என்ற மின்னூல் கோப்பாகக் கிடைக்கிறவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான நூல்கள் வரை இலவசமாக இருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் உண்டு, 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பிடிஎஃப்பும் உண்டு. விலைக்கு வாங்குவதென்றால் 2016 டிசம்பரிலிருந்து கிண்டில் கடையில் தமிழ் இருக்கிறது. கிண்டிலில் ஈபப்பைக் கேபிள் வழியே அப்படியே போட்டால் திறக்காது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்ப வேண்டும், அல்லது காலிபர் என்ற கணினி மென்பொருளில் மாற்றிப் போட வேண்டும். கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் ரீடரில் நேராகத் திறக்கும்.

பழையது வாங்கும்போது விற்பவர் எதிரிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. அவருடைய கணக்கை நீக்கச் சொல்லி, உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் கணக்கைப் பதிவு செய்யுங்கள். தொலைந்ததாகப் புகார் ஆன கருவி பதிவாகாது. முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து விளக்கைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய கோடு நின்றால் அடி வாங்கிய திரை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். இ-இங்க் படலத்துக்கு அடியில் பெரும்பாலான ரீடர்களில் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. அது உடைந்தால் மாற்றும் செலவுக்கு இன்னொரு பழைய ரீடரே வாங்கலாம். அதனால் ரீடர் வாங்கும் அன்றே கெட்டி உறையும் வாங்கிவிடுங்கள், முக்கியமாகக் கடலூர்-பாண்டி பஸ்ஸில் நெரிசலில் தினம் போய் வருகிறவர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் வந்தால், 167, 300 இரண்டையும் கையில் தருகிறேன். நீங்கள் படிக்கப் போகிற புத்தகத்தையே போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.