பட்டியலை வடிகட்டினால் 'ட்ரூ' என்று வருகிறது

பட்டர்வொர்த்:
கணினிக் கட்டளை மொழியான பவர்ஷெல்லில், ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் மேட்ச் குறி எப்படிப்பட்டது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, இரவுப் பணி. 'டெஸ்ட்' என்று தொடங்கும் சர்வர்களை மட்டும் பிரித்து நிறுத்தும் ஸ்கிரிப்ட், எனக்கு முன்பு இருந்தவர் எழுதியது. அன்று பட்டியலில் ஒரே ஒரு சர்வர்தான் மிச்சம். பெயர் வர வேண்டிய இடத்தில் 'ட்ரூ', அதாவது 'ஆம்', என்று ஒற்றைச் சொல் நின்றது. அடுத்த வரியில், அந்தப் பெயரில் சர்வரே இல்லை என்று சிவப்பு எழுத்து. இடப்பக்கம் பட்டியல் இருந்தால் பொருந்துபவற்றைத் தரும். தனிச் சரம் (ஒற்றை எழுத்துத் தொடர்) இருந்தால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். ஒரே குறிக்கு இரண்டு குணம் எதற்கு? இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்:
எனக்கு வினை வைத்தது புள்ளி. கோயில் தொண்டர் பட்டியலில் ஏ/எல் (மலாயில் 'அனாக் லெலாக்கி', மகன்) உள்ள பெயர்களைப் பிரித்து ஆண்களுக்கு வேட்டி ஒதுக்கினோம். சிலர் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்துப் பதிந்திருந்ததால், நண்பர் நடுவில் புள்ளியையே போட்டு வடிவம் எழுதினார். கமலா லட்சுமி என்ற அக்கா வந்து, "தம்பி, என் பெயரில் வேட்டி இருக்கிறதே?" என்றார். கமலாவின் கடைசி 'ஏ', ஓர் இடைவெளி, லட்சுமியின் 'எல்'. ரெஜெக்ஸில், அதாவது எழுத்துகளைத் தேடும் வடிவ மொழியில், புள்ளி என்றால் எந்த எழுத்தும் பொருந்தும், இடைவெளியும்தான். அவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. சாய்கோட்டையும் புள்ளியையும் சதுர அடைப்புக்குள் போட்டு, முன்னும் பின்னும் இடைவெளி கேட்டபிறகே சரியானது.

செந்தூல்:
பட்டர்வொர்த் அண்ணன் மேட்சைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரே உறுப்பு வந்தால் பட்டியலைப் பிரித்துத் தனிச் சரமாகக் கொடுப்பது பவர்ஷெல்லின் பொதுப் பழக்கம். மேட்ச் தன் கைக்கு வந்ததைத்தான் பார்க்கிறது. எனக்கும் ஒருமுறை அப்படி வந்தது, அவ்வளவுதான். இடப்பக்கத்தை அட் குறியும் அடைப்புக்குறியும் போட்டு மூடுங்கள். ஒன்று இருந்தாலும் பட்டியலாகவே இருக்கும். தொடக்கத்தை மட்டும் பார்க்க லைக் என்ற குறியும் ஒரு நட்சத்திரமும் போதும், ரெஜெக்ஸே வேண்டாம். மேட்ச் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது. பார்க்க வேண்டுமானால் சிமேட்ச். இன்னொன்று: பட்டியலை வடிகட்டும்போது மேட்சஸ் என்ற மாறி நிரம்பாது. முன்பு பொருந்தியதன் மதிப்பு அதில் அப்படியே கிடக்கும். அதை நம்பி அடுத்த வரியை எழுதிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்:
தம்பி, அடைப்புக்குறி எனக்கும் தெரியும். பலர் இருக்கும்வரை ஒழுங்காக ஓடி, ஒருவர் மிஞ்சும்போது மட்டும் பேச்சை மாற்றுவதைத்தான் சொன்னேன்.

ஜார்ஜ் டவுன்:
பைத்தான் என்ற நிரல்மொழியில் சொல் எழுத்துகளால் மட்டும் ஆன உறுப்புகளை வைத்துக்கொள்ளச் சொன்னேன். லிட்டில் இந்தியா கடைப்பெயர்கள் தமிழில் இருந்தன. முழுப் பட்டியலும் காலி. முருகன் போனார், உமாகூடத் தப்பவில்லை. அதன் ரெஜெக்ஸ் 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று இரண்டாக வெட்டுகிறது. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோடில் எழுத்துகள் அல்ல, குறிகள். தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் வரம்பாகக் கொடுத்தேன், பெயர்கள் எல்லாம் திரும்பி வந்தன.