பக்கத்து தோட்டத்து நாய்ங்க பட்டிக்குள்ள பூந்துருச்சு, பேசியும் பிரயோஜனம் இல்ல, என்ன பண்ணலாம்?

ஆட்டுப்பட்டி:
மூணு மாசமா பல்லை கடிச்சுக்கிட்டு இருந்தேன், இன்னிக்கு முடியல. பக்கத்து தோட்டத்துக்காரர் நாலு நாய் வெச்சிருக்கார், ஒண்ணையும் கட்டுறதில்ல. முதல்ல கோழி ஒண்ணு ரெண்டு காணாம போச்சு, கீரிப்புள்ள வேலையா இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் பைக்ல போறப்ப துரத்த ஆரம்பிச்சுது. இன்னிக்கு விடிகாலைல பட்டிக்கு போனா எட்டு ஆட்டுல மூணு செத்து கிடக்கு, ரெண்டு எந்திரிக்க முடியாம கிடக்கு, ஒரு குட்டி பாதி காது இல்லாம மூலைல ஒட்டிக்கிட்டு நிக்குது, கத்தக்கூட இல்ல. நேரா அவர் வீட்டுக்கு போனேன். அந்த செவலை நாய் வாசல்ல படுத்து முன்னங்காலை நக்கிட்டு இருக்கு, கழுத்து முடில ரத்தம் காஞ்சு முள்ளு முள்ளா நிக்குது. அதை கண்ணால பாத்துக்கிட்டே சொல்றார், "எங்க நாய் ராத்திரி பூரா இங்கதான் இருந்துச்சு, நரி கிரி வந்திருக்கும்"னு. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

கோபக்காரன்:
இதுக்கு போய் யோசனை கேக்குறீங்களா? கறியில வைக்க வேண்டியதை வெச்சுட்டு போய் தூங்குங்க. நாலு நாளைல ஊரே அமைதியாயிடும்.

மூணுநாய்வீடு:
அடிக்க வராதீங்க, நான் எதிர்க்கட்சி. என் வீட்லயும் மூணு நாய், நானும் அவிழ்த்துதான் விடுறேன். நாயை கட்டியே போடணும்னா அபார்ட்மென்ட்ல இருந்துக்கலாமே, இவ்ளோ பெரிய இடம் எதுக்கு? திருடன், பாம்பு, காட்டுப்பன்னி எல்லாத்துக்கும் அதுதான் எங்களுக்கு காவல். ஆடு செத்தது கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல, ஆனா பட்டிக்கு ஒழுங்கா வேலி இருந்துச்சா இல்லையான்னு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலையே? ரத்தத்தை பாத்தேன்னு சொல்றீங்க, அது எலியை பிடிச்ச ரத்தமாவும் இருக்கலாம்.

ஊசிக்கார அக்கா:
நான் கால்நடை மருத்துவமனைல உதவியாளரா ரொம்ப வருஷம் இருந்தவ, எத்தனையோ கடிபட்ட ஆட்டை பாத்திருக்கேன். எலி ரத்தமா ஆட்டு ரத்தமான்னு சண்டை வேண்டாம் தம்பி, செத்த ஆட்டை பாத்தாலே தெரியும். பசிக்கு வேட்டையாடுற மிருகம் பொதுவா தொண்டையை பிடிக்கும், ஒண்ணை கொன்னு அதை திங்கும் இல்ல தூக்கிட்டு போகும். நாய் அப்படி இல்ல. பின்னங்கால், தொடை, வால்கிட்ட, காது, எங்க வாய் வெச்சாலும் கிழிக்கும், ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுக்கு ஓடும், பாதி ஆடு கடிபட்டு கிடக்கும், தின்னது கொஞ்சம்தான் இருக்கும். ஓடுறதை துரத்துறதுதான் அதுக்கு ருசி, பசி இல்ல. மூணு சாவு, ரெண்டு காயம், ஒரு காதுன்னு நீங்க சொல்ற கணக்கே நாய்னுதான் சொல்லுது. புதைக்குறதுக்கு முன்னாடி டாக்டரை கூப்பிட்டு காட்டி எழுதி வாங்கிக்கோங்க, போட்டோ எடுங்க, மண்ணுல கால்தடம் இருந்தா பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க.

காயம்பட்டதை உடனே கவனிங்க. வெளிய பாத்தா சின்ன ஓட்டை மாதிரி இருக்கும், உள்ள தசை நசுங்கி கூழா போயிருக்கும், ரெண்டு நாள்ல சீழ் பிடிச்சு செத்துரும். முடியை வெட்டிட்டு பாத்தாதான் எத்தனை பல்லு பதிஞ்சிருக்குன்னு தெரியும். அந்த நாய்ங்களுக்கு வெறிநோய் தடுப்பூசி போட்டிருக்கான்னும் கேளுங்க, ஆடு மாட்டுக்கும் அது தொத்தும். கடிபட்ட ஆட்டோட எச்சில் படாம கையுறை போட்டுக்கிட்டு தொடுங்க.

விஷம் வைக்க சொன்னவருக்கு ஒண்ணு. அது செவலை நாய் வாயிலதான் போய் விழணும்னு யாரும் எழுதி கொடுக்கல. உங்க வீட்டு நாய் திங்கும், பூனை திங்கும், செத்ததை கொத்துற காக்கா, பருந்து, கழுகு வரைக்கும் போகும், குழந்தை கையில கிடைச்சா நினைச்சே பாக்க முடியல. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

கோபக்காரன்:
அக்கா உங்க பழமொழி நல்லாருக்கு, ஆனா என் பொண்ணு கெண்டைக்கால்ல ஏழு தையல் இருக்கு. "குரைக்கிற நாய் கடிக்காது, பயப்படாதம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார் அந்த நாய்க்காரர், சொல்லி வாய் மூடல, கடிச்சுருச்சு. எய்தவன் மேல கேஸ் போட்டோம், இன்னும் நடக்குது. நாய் இன்னும் அதே ரோட்லதான் படுத்திருக்கு. நீங்களே சொல்லுங்க நான் என்ன நினைக்கணும்.

ஊசிக்கார அக்கா:
புள்ளைக்கு ஊசி முழுசா போட்டாச்சா? முதல்ல அதை சொல்லுங்க. மனுஷனுக்கு வர்ற வெறிநோய்ல நூத்துக்கு தொண்ணூத்தொம்பது நாய் மூலமாதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். கடிச்ச உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், 15 நிமிஷம்னா கடிகாரம் பாத்து. மஞ்சள் மிளகாப்பொடி எதையும் அப்பக்கூடாது. ரத்தம் வந்த கடின்னா தடுப்பூசியோட காயத்தை சுத்தி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்குற தயார் எதிர்ப்பு மருந்து) போடணும். கடிச்ச நாயை 10 நாள் கண்காணிப்பாங்க, ஆனா 10 நாள் ஆகட்டும் பாக்கலாம்னு ஊசியை தள்ளிப்போடுறது தப்பு.

கோபக்காரன்:
எல்லாம் போட்டாச்சுக்கா. இப்ப தெருவுல எது குரைச்சாலும் அவ என் பின்னாடி வந்து சட்டையை பிடிச்சுக்குறா.

மூணுநாய்வீடு:
அண்ணே உங்க பொண்ணு விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல, மன்னிச்சுக்கோங்க. அந்த ஆள் செஞ்சது அயோக்கியத்தனம். ஆனா எல்லா நாயையும் கட்டிப்போடுன்னு சொல்றதும் தீர்வு இல்லைங்க, நான் அனுபவிச்சவன். மூத்த நாயை பெரியவர் ஒருத்தர் சொன்னாருன்னு ஆறு மாசம் நாலடி சங்கிலில போட்டேன், முன்னாடி எல்லார்கிட்டயும் வாலாட்டுனது அப்புறம் யார் வந்தாலும் பாய ஆரம்பிச்சுது. நாள் பூரா கட்டி வெச்ச நாய்க்கு ஓடவும் வழி இல்ல ஒதுங்கவும் வழி இல்ல, அதுக்கு தெரிஞ்சது கடி ஒண்ணுதான்.

வேலிக்காரன்:
நீங்க சொல்றது சரி, ஆனா அதுல இருந்து "அவிழ்த்து விடு"ன்னு எப்படி வந்தீங்க? நடுவுல கூண்டு இருக்கு, சுத்துவேலி இருக்கு, நீளக்கம்பில சங்கிலியை ஓடவிடுறது இருக்கு, ஆண் நாய்க்கு கருத்தடை பண்ணுனா பெட்டையை தேடி சுத்துறது குறையும், எவ்ளோ இருக்கு. உங்க நாய் உங்க எல்லைக்குள்ள எப்படி வேணா ஓடட்டும், யாரு கேட்டா? தனி ஒரு நாய் வீட்ல சாதுவாதான் இருக்கும், நாலு சேர்ந்து ராத்திரி வெளிய போச்சுன்னா அது வேற ஜென்மம், நம்ம பசங்க மாதிரியேதான். ஒரு தடவை ஆடு துரத்தி ருசி கண்டுட்டா திரும்ப வரும். அதனால ஆட்டுப்பட்டி அண்ணே, இந்த வாரமே வரும்னு நினைச்சு தயாராகுங்க.

வேலி பத்தி நாலு வார்த்தை, என் தொழில் அது. நாய் தாண்டுறதை விட தோண்டுறதுதான் அதிகம், அதுவும் வேலி தரையை தொடுற இடத்துலதான் தோண்டும், ரெண்டடி தள்ளி தோண்டணும்னு அதுக்கு தோணாது. அதனால வலையை அடில மடக்கி வெளிப்பக்கமா ரெண்டடி தரையோட படுக்க வெச்சு கல்லு போட்டு மண்ணு மூடிடுங்க. சோலார் வேலி போடுறதா இருந்தா கீழ் கம்பி நாய் மூக்கு உயரத்துல, ஆறு எட்டு இஞ்ச்ல வரணும், மூக்குல ஒரு தடவை சுளீர்னு பட்டா போதும். நல்ல எனர்ஜைசர் (கம்பிக்கு ஷாக் அனுப்புற பெட்டி) வாங்குங்க, அது செகண்டுக்கு ஒரு துடிப்புதான் விடும், அதனாலதான் ஆள் சாகுறதில்ல. தயவு செஞ்சு யாரும் மோட்டார் லைன்ல இருந்து நேரா கரண்ட் கொடுத்துராதீங்க, காலைல தண்ணி கட்ட போற மனுஷன்தான் முதல்ல சாவான், அப்புறம் நீங்க ஜெயிலுக்கு போவீங்க.

மூணுநாய்வீடு:
ஆக கடைசில வேலி போடணும்னு நான் சொன்னதுக்குத்தானே வந்தீங்க?

வேலிக்காரன்:
வந்தேன், ஆனா காசு யார் கொடுக்கணும்கறதுல வரலையே. நாய் வெச்சிருக்கறவர் கொடுக்கட்டும்.

மூணுநாய்வீடு:
ஆடு யாருது? சொத்து யாருதோ பாதுகாப்பும் அவங்களோடது.

கோபக்காரன்:
அப்ப என் பொண்ணுக்கும் வேலி போட்டிருக்கணுமா?

(இதுக்கு மூணுநாய்வீடு பதிலே போடல.)

ஊசிக்கார அக்கா:
சண்டை வேண்டாம். ஆட்டுப்பட்டி தம்பி, பட்டியை பாத்து ஒரு கேமரா மாட்டுங்க, ராத்திரில தெரியுற மாதிரி. வாய்ப்பேச்சுக்கு நரி வரும், வீடியோவுக்கு வராது. என்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, அவர்கிட்ட சொன்னதையும் சேர்த்து எழுதுங்க, "எனக்கு தெரியாது"ன்னு பின்னாடி அவர் சொல்ல முடியாது. ஆட்டை கடிச்சுக்கிட்டு இருக்கறப்பவே பிடிபட்ட நாயை சுட சில நாட்டு சட்டம் விடுது, ஆனா மறுநாள் தேடிப்போய் அடிச்சா பெரும்பாலும் குத்தம் நம்ம மேல திரும்பிடும். உங்க இடத்துல என்ன விதின்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

ஆட்டுப்பட்டி:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். எந்திரிக்க முடியாம கிடந்ததுல ஒண்ணு போயிருச்சு, ஒண்ணு நடக்குது. காது போன குட்டி இப்ப தாய்கிட்ட விட்டு நகரவே மாட்டேங்குது. கேமரா போட்ட நாலாம் நாளே வந்துச்சுங்க, ராத்திரி ரெண்டு மணி பத்து நிமிஷம், செவலை முன்னாடி, பின்னாடி ரெண்டு. புது வலைல மூக்கை வெச்சு கால் மணி நேரம் தோண்டிட்டு திரும்பிருச்சுங்க. அதை கொண்டு போய் அவர்கிட்ட போன்ல காட்டுனேன். மூணு தடவை பாத்தார். "அது எங்க நாய் மாதிரிதான் இருக்கு"ன்னார். மாதிரியாம்.

செத்த நாலுல ரெண்டுக்கு காசு கொடுத்தார், ஒண்ணு கிழ ஆடாம், இன்னொண்ணு ரெண்டு நாள் கழிச்சு செத்ததால கணக்குல வராதாம். நாயையும் கட்டுறார், ஆனா கேளுங்க, பகல்ல கட்டுறார், ராத்திரி அவிழ்த்து விடுறார். கேட்டா காவலுக்காம்.

கோபக்காரன்:
நான் அப்பவே சொன்னேன்.

வேலிக்காரன்:
அதை விடுங்க. கீழ் கம்பி எவ்ளோ உயரத்துல வெச்சீங்க?

ஆட்டுப்பட்டி:
ஒரு சாணுக்கு கொஞ்சம் கம்மியா.

வேலிக்காரன்:
சரியா இருக்கு. புல்லு வளந்து கம்பில படாம பாத்துக்கோங்க, பட்டா ஷாக் மண்ணுக்கு இறங்கிடும், நாய் அதை உங்களுக்கு முன்னாடி கண்டுபிடிச்சுரும்.