ஒரே ராத்திரியில் 27 கிராம்

(வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கும் மூவர், ஊர்ப் பெயரில், தங்கள் பவளத்துக்கு நேர்ந்த விபத்துகளைப் பேசிக்கொள்கிறார்கள்.)

ஜெலுத்தோங்:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஹாலில் 300 லிட்டர் தொட்டி, அதில் பச்சை அக்ரோபோரா பவளம் ஒன்று. கட்டைவிரல் அளவு வெட்டுத் துண்டாக (ஃபிராக்) வாங்கி, இரண்டு வருஷத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிளை விட்டிருந்தது. போன மாதம், காரக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் டோசிங் பம்ப் குழாய் அடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. 8.5 டிகிரி இருக்க வேண்டிய கேஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, டெஸ்ட் பண்ணினால் 5.5. பதறிப்போய் அடுப்படியிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்து, என் தொட்டிக்கு 9 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும் என்ற கணக்கில், 27 கிராமையும் ஒரே ராத்திரியில் கரைத்து ஊற்றினேன். கணக்கு சரிதான், காலையில் 8.5 காட்டியது. ஆனால் பவளத்தின் அடியில் சதை, ஈர டிஷ்யூ பேப்பர் மாதிரி உரிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளே வெள்ளை எலும்பு. 5.5-இல் கிடந்தும் சாகாதது, நான் காப்பாற்றப் போய்ச் செத்தது! மத்தியானத்துக்குள் பாதி போச்சு. உரிந்த கோட்டுக்கு மேலே நல்ல சதையாகப் பார்த்து ஏழு நுனிகளை வெட்டி சூப்பர் குளூவில் ஒட்டினேன், இரண்டுதான் பிழைத்தன. இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றுவதில்லை.

செந்தூல்:
அண்ணே, எனக்கு வினை வைத்தது சூடு. தைப்பூசத்துக்கு பத்துமலை போய்விட்டு அப்படியே சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டோம். கிளம்பும்போது அம்மா வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்திருக்கிறார், தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷினையும் சேர்த்து. திரும்பி வந்தால் தண்ணீர் 31.5 டிகிரி, ரோஸ் நிற பேர்ட்ஸ் நெஸ்ட் பவளம் சுண்ணாம்பாய் வெளுத்து நிற்கிறது. தூக்கிப் போடத்தான் போனேன். டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி சதை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ராத்திரி பாலிப் என்கிற குட்டி உயிர்களும் தலை நீட்டுகின்றன. உங்களுடையது சதையே கழன்றது, இது உள்ளே குடியிருந்த பாசியை மட்டும் வெளியே தள்ளியிருக்கிறது. 2010-இல் தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மூடினார்களே, அதே வெளுப்புதான். லைட்டைப் பாதியாகக் குறைத்து, வேறு எதையும் தொடாமல் விட்டேன். நிறம் திரும்ப மூன்று மாதம் ஆனது, அதுவும் முதலில் காப்பி நிறமாகத்தான். அம்மாவிடம் மட்டும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பட்டர்வொர்த்:
தம்பிகளா, நமக்குச் சில்லர் எல்லாம் கட்டுப்படியாகாது, ஃபேன்தான். 28-இல் நிற்கிறது, அதற்கே மொண்டிபோரா பவளம் நன்றாக வளர்கிறது. ஆனால் ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். அதனால் ஆர்ஓ தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து, தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். கால்சியமும் கேஎச்சும் சேர்ந்தே கிடைத்துவிடும். பாட்டி வெற்றிலையில் தடவுகிற அதே சரக்குதான், அதற்காக அந்த டப்பாவை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், வளர்ப்பு மீன் விற்கிற கடையில் சுத்தமானது தனியாகக் கிடைக்கும். ஒரு நாள், தண்ணீர் மட்டம் ஏறியதும் பம்பை நிறுத்தும் மிதவை சுவிட்சில் நத்தை ஏறி உட்கார்ந்துகொண்டது. பம்ப் நிற்கவே இல்லை. பத்து லிட்டரும் உள்ளே போய் தொட்டி பால் மாதிரி ஆகிவிட்டது, இரண்டு பவளம் போயே போச்சு. அன்றிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் வாளியில் இரண்டு லிட்டருக்கு மேல் வைப்பதில்லை, நத்தை ஏறினாலும் அவ்வளவுதான் போகும். சுவிட்சுக்கு வலையும் கட்டியாச்சு.

ஜெலுத்தோங்:
நத்தை விஷயம் தோன்றவே இல்லை அக்கா, இன்றைக்கே வலை கட்டுகிறேன். அப்புறம், என் இரண்டு நுனியில் ஒன்று காலையில் பார்த்தால் பசையின் மேலேயே மெல்லிசாகச் சதை பரப்ப ஆரம்பித்திருக்கிறது.