புதுப்பிப்பு: இறங்கிய பிறகு ஊருக்குள் போவது எப்படி?

செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கொண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் சின்ன விமான நிலையங்களில் இறங்கினால் ஊருக்குள் எப்படிப் போவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்னது "கர்ட்டசி கார்", அதாவது இறங்கும் விமானிகளுக்கு விமான நிலையமே இரவல் தரும் கார். சரி, போய்ப் பார்த்தாயிற்று.

முதல் ஊரில் கிடைத்தது போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பழைய ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. வாடகை கிடையாது, இரண்டு மணி நேரத்தில் பெட்ரோல் போட்டுத் திருப்பித் தந்தால் போதும். ஆனால் முந்தைய நாளே போன் செய்துவிடுங்கள். அடுத்த ஊரில் நான் செய்யவில்லை. எனக்கு முன்னால் இறங்கியவர் சாவியோடு சாப்பிடப் போய்விட்டார், ஊபரும் இல்லை. ஒன்றரை மைல் வெயிலில் நடை.

விமானத்திலேயே மடிப்பு சைக்கிள் கொண்டுபோகும் யோசனையும் நல்லதுதான், விமானம் தாங்கும் எடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டால்.

அப்புறம் மிச்சிகனிலேயே உள்ள மேக்கினாக் தீவு! 1898-லேயே மோட்டார் வண்டிகளைத் தடை செய்த ஊர். சுமார் 3,500 அடி ஓடுபாதையில் இறங்கி, குதிரை வண்டி டாக்சியில் ஏறி, குளம்புச் சத்தத்தோடு ஊருக்குள் போனோம். நான் ஓட்டிய விமானத்தைவிட என் மனைவிக்கு அந்தக் குதிரைகளைத்தான் பிடித்துப்போனது.