பைசாந்தியக் காசும் ஈய முத்திரையும்: எப்படிப் பேணுவது?

கேள்வி (மாங்குளம்)

ஜேர்மனியில் வாழும் என் பெரியப்பா அங்கே விலைகொடுத்து வாங்கிச் சேர்த்த பழங்காசுகளை அண்மையில் என்னிடம் ஒப்படைத்தார். அவற்றுள் உள்ளங்கையில் கனக்கும் பெரிய செம்புக்காசொன்றின் பின்பக்கத்தில் 'எம்' வடிவப் பெரிய எழுத்தும், இடப்புறம் மேலிருந்து கீழாக 'அன்னோ' என்ற சொல்லும், வலப்புறம் எக்ஸ், வி என்ற எழுத்துகளும், அடியில் 'கொன்' என்பதும் உள்ளன. கிரேக்க எழுத்துள்ள ஈய வட்டொன்றும் உண்டு. எங்கள் வயலை உழுதபோது முன்னர் அகப்பட்ட, சட்டைப் பொத்தானளவுச் செம்புக்காசுகள் சிலவற்றையும் இவற்றுடன் ஒரே பால்மா ரின்னில் வைத்திருக்கிறேன். பச்சை படிந்த காசுகளைப் பழப்புளி போட்டு விளக்கலாமா?

பதில் (வவுனியா)

தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். இறுகிய பச்சைப் படிவந்தான் எழுத்தையும் உருவத்தையும் தாங்கி நிற்கிறது. அமிலம் அதைக் கரைத்தால் எழுத்தும் போய்விடும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் மட்டும் செம்பை அரிக்கும் 'நோயின்' அறிகுறி. அத்தகைய காசைப் பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள். மாரிகாலத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நீங்கள் விவரித்த காசு ஃபொல்லிஸ் எனப்படுவது. பைசாந்தியம் எனப்படும் கிழக்கு உரோமப் பேரரசின் மன்னர் அனஸ்தாசியஸ் 498இல் செய்த நாணயச் சீர்திருத்தத்தில் பிறந்தது. அந்தப் பெரிய எழுத்து கிரேக்க எண்முறையில் 40, அதாவது நும்மி என்னும் மிகச்சிறு காசுகள் 40இன் பெறுமதி. 'அன்னோ' ஆட்சியாண்டைக் குறிக்கும், 'கொன்' தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளின் அக்கசாலை, அதாவது காசடித்த இடம். காசில் ஆட்சியாண்டைப் பொறிக்கும் வழக்கத்தைப் பின்வந்த பேரரசர் யஸ்டீனியன் தம் 12ஆம் ஆண்டில்தான் தொடக்கினார். முன்பக்கப் பெயர் அவருடையதானால், எக்ஸ், வி குறிக்கும் 15ஆம் ஆண்டு என்பது 541/42 ஆகும். தலைநகரைப் பெருங்கொள்ளைநோய் எட்டியதும் 542இல்தான் என்பதை எண்ணும்போது, அந்தக் காசை எத்தனை கைகள் அச்சத்தோடு மாற்றியிருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில் (கிளிநொச்சி)

ஈய வட்டு, கடிதத்தையோ ஆவணத்தையோ கட்டிய நூலின்மேல் இடுக்கிபோன்ற இரும்புக் கருவியால் அழுத்திய முத்திரையாக இருக்கலாம். விளிம்பில் எதிரெதிரே நூல் சென்ற துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். 'ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்' என்ற வேண்டுதலும், உரியவரின் பெயரும் பதவியும் இத்தகைய முத்திரைகளில் அடிக்கடி வரும். மரப்பெட்டியும் காகித அட்டையும் வெளிவிடும் அமில ஆவியால் ஈயம் வெண்தூளாகிவிடும். ஆகவே பொலித்தீன் உறையில் வையுங்கள். தொட்டபின் கை கழுவுங்கள்.

பதில் (மன்னார்)

என்னை உறுத்துவது அந்த ஒரே ரின்தான். 4, 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமச் சிறுகாசுகளும், அவற்றைப் பின்பற்றி உள்ளூரில் செய்தவையும் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. உங்கள் வயற்காசுகளும் அவ்வகையாக இருக்கக்கூடும். சோபாத்திரோஸ் என்ற வணிகர் இலங்கை அரசனுக்கு உரோமப் பொற்காசைக் காட்டிப் பாரசீக வெள்ளிக்காசை வென்றதாக 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் கொஸ்மாஸ் எழுதியிருப்பதைப் படித்தவர்கள், யஸ்டீனியன் காசும் வன்னி வயலில் கிடைத்ததென்று எளிதில் நம்பிவிடுவார்கள். பிறகு அந்தப் பிழையைத் திருத்துவது யார்?

இன்றே இரண்டையும் பிரித்து, பெரியப்பாவிடம் எங்கே வாங்கினார் என்று கேட்டெழுதுங்கள். வயற்காசுகளுக்குக் காணியின் பெயர், அருகிலுள்ள குளம், கிடைத்த ஆழம் ஆகியவற்றைக் குறித்து, கழுவாமல் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. அவற்றை விற்கவோ வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பவோ எண்ண வேண்டாம்.