ஒரே மாதிரியான இரு பகடைகள்: கூறுவெளியில் (நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில்) 36 விளைவுகளா, 21 விளைவுகளா?

கேள்வி:
வேறுபாடே தெரியாத இரண்டு பகடைகளை ஒன்றாக உருட்டும்போது கூடுதல் 8 கிடைப்பதற்கான நிகழ்தகவு 5/36 என்று விடை தரப்பட்டுள்ளது. (2,6), (6,2) இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாத நிலையில், மொத்தம் 21 விளைவுகள், சாதகமானவை 3 என்று கொண்டு 1/7 என விடையளிப்பது ஏன் தவறாகிறது?

மறுமொழி 1:
விளைவுகளை 21 என்று எண்ணுவதில் பிழையில்லை. அவை அனைத்தும் சம வாய்ப்புள்ளவை என்று கருதியதில்தான் பிழை இருக்கிறது. ஒரு பகடைக்குச் சிவப்பு வண்ணம் பூசுங்கள். பகடைகள் விழும் விதம் அதனால் மாறப்போவதில்லை, ஆனால் 2, 6 என்ற இணை இரு வழிகளிலும் 4, 4 என்ற இணை ஒரே வழியிலும் நிகழ்வது உடனே புலப்படும்.

மறுமொழி 2:
இதே ஐயத்தின் மூன்று பகடை வடிவத்தைக் கலிலியோ ஆராய்ந்திருக்கிறார். கூடுதல் 9, 10 இரண்டுமே ஆறாறு எண் தொகுதிகளால் கிடைத்தாலும், வரிசையையும் கணக்கில் கொண்டால் 216 விளைவுகளில் 9 கிடைப்பவை 25, 10 கிடைப்பவை 27. 3, 3, 3 என்ற தொகுதிக்கு ஒரே வழிதான் உண்டு என்பதைக் கவனியுங்கள். பலர் சறுக்கும் இடம் அதுவே.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 21 விளைவுகளை வைத்துக்கொண்டே, வெவ்வேறு எண்கள் கொண்ட 15 இணைகளுக்குத் தலா 2/36, ஒரே எண் கொண்ட 6 இணைகளுக்குத் தலா 1/36 என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
தாராளமாக. 2/36 + 2/36 + 1/36 = 5/36 என்றே வரும். தேர்வில் மட்டும் 36 விளைவுகளையும் அட்டவணையாக எழுதிவிடுவது பாதுகாப்பானது.