பரந்தன் வெயிலில் 12600கே ஓவர்குளொக்: லிக்விட் கூலரா, காற்றுக் கூலரா?

பரந்தன்காரன்
வணக்கம். கலியாண வீடியோ எடிட் பண்ணுகிற மெசின் இது. புரொசெசர் ஐ5-12600கே, மதர்போட் இசட்690, கூலர் பழைய ஒற்றைக் கோபுரம், 120 மிமீ ஃபேன் ஒன்று. ஓவர்குளொக் பண்ணி, அதாவது வழமையான வேகத்துக்கு மேலே, பெரிய கோர் ஆறையும் 1.35 வோல்ட் கொடுத்து 5 ஜிகாஹேர்ட்ஸில் விட்டால், சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை தொடங்கி இரண்டு நிமிடத்தில் 100 பாகையைத் தொட்டு வேகம் தானாக இறங்குகிறது. அறை சீற் கூரை, மத்தியானம் உள்ளே 35 பாகை, பின்வளவுக்கு அடுத்தது அரிசி மில். கேசிங்கின் முன்பக்கம் முழுக் கண்ணாடி (வாங்கும்போது வடிவாகத்தான் இருந்தது). 360 மிமீ ரேடியேட்டரோடு வருகிற லிக்விட் கூலர் எடுக்கட்டுமா, இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் போதுமா?

மாங்குளத்தான்
யோசிக்காமல் 360 போடு மச்சான். ஐந்து ஜிகா ஓடாவிட்டால் ஓவர்குளொக் பண்ணக்கூடிய கே மொடல் எதற்கு?

வவுனியா ரேடியேட்டர்
தம்பி, காசை எடுக்க முதல் ஒரு வேலை செய்யும். பக்கத்துக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டிப் பாரும். சூடு நன்றாகக் குறைந்தால் பிழை கூலரில் இல்லை, கேசிங்குக்குள் காற்று வராததுதான். கண்ணாடி முகத்துக்குப் பின்னால் மூன்று ஃபேன் சுற்றினாலும் அவை இழுப்பதற்குக் காற்று வேண்டுமே. உழவு மெசினின் ரேடியேட்டரில் வைக்கோல் அடைத்தால் தண்ணீர் கொதிக்கும், அதற்காக யாரும் புது இயந்திரம் வாங்குவதில்லை.

இன்னொன்று, லிக்விட் கூலரும் அறைக் காற்றைத்தான் ஊதும், அறைச் சூட்டுக்குக் கீழே அதுவும் போகாது. யூடியூப்காரர் ஏசி அறையில் 24 பாகையில் வைத்து 79 காட்டினால், அதே கூலர் உமது அறையில் கிட்டத்தட்ட 90 காட்டும். பம்ப் நின்றால் கொழும்புக்கு அனுப்பி, திரும்பி வரும்வரை கலியாண வீட்டுக்காரருக்குப் பதில் சொல்வது யார்? இரட்டைக் கோபுரத்தில் பழுதாகக்கூடியது ஃபேன் மட்டும்தான், அதைப் பரந்தனிலேயே மாற்றலாம். நான் என்றால் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்ற இரட்டைக் கோபுரத்தை எடுப்பேன். உயரம் 155 மிமீ, கேசிங்கை முதலில் அளந்து பாரும்.

அப்புறம் அந்த 1.35 வோல்ட். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.20இலிருந்து 1.35க்குப் போனால் வோல்ட்டால் மட்டும் கால்வாசிக்கு மேல் சூடு கூடிவிடும், கிடைக்கும் வேகமோ சொற்பம்.

முள்ளியவளை அக்கா
பழைய கூலர் என்றீர்கள், அது முந்தைய எல்ஜிஏ1200 சொக்கெட்டுக்கு வந்ததா? உங்கள் போட்டின் எல்ஜிஏ1700 சொக்கெட்டில் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 75 இல்லை, 78 மிமீ. கூலரைப் பிடிக்கிற பழைய பிறக்கற்றை இழுத்து மாட்டியிருந்தால் கூலர் சரியாக அழுந்தாது, சூடு கடத்துகிற பேஸ்ட்டை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை. ஃபேன்களின் திசையையும் பாருங்கள், மோட்டரைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். சந்தேகம் என்றால் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள், புகை சொல்லிவிடும். முன்னால் வடிகட்டியோடு மூன்று உள்ளே, பின்னால் ஒன்று வெளியே என்று வையுங்கள். உள்ளே தள்ளுகிற காற்று கூடுதலாக இருந்தால் உமித்தூசு இடுக்குகளால் நுழையாது. சோளகம் வீசுகிற மாதங்களில் வடிகட்டியைக் கிழமைக்கு ஒருக்கால் தட்டத்தான் வேண்டும், நான் சனிக்கிழமை தலை முழுகுகிற நாளில் அதையும் கழுவிக் காயவிடுவேன்.

பரந்தன்காரன்
அக்கா, வெட்கக்கேடு. பிறக்கற் சரி, ஆனால் பின் ஃபேன் உள்ளே ஊதிக்கொண்டிருந்தது, புகை நேரே என் முகத்துக்கு வந்தது. கதவைக் கழற்றியதும் 11 பாகை இறங்கியது. இப்போது ஃபேனைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தில் நுளம்பு வலை கட்டியிருக்கிறேன். பார்க்கக் கோழிக்கூடு மாதிரித்தான். 4.8 ஜிகா, 1.22 வோல்ட், அரை மணி நேரம் ஓட்டியும் 87க்கு மேல் போகவில்லை. ஒரு மணி நேர வீடியோ வெளியே எடுக்க முந்தியதைவிட நேரம் குறைவாகத்தான் பிடிக்கிறது, இடையில் வேகம் இறங்குவதில்லையே. மச்சான் அடுத்த மாதம் கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போகிறான், இரட்டைக் கோபுரத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

மாங்குளத்தான்
அந்தக் கண்ணாடியை எறியாதே, எனக்குத் தா.